ஜான் சீனாவின் தோல்விகள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன?

2025 டிசம்பர் 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் ஒரே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தோம். வாஷிங்டனில் அப்போது சனிக்கிழமை இரவு. "விட்டுக்கொடுக்காதே" என்னும் வாசகத்தைப் பல ஆண்டுகளாகச் சட்டையிலும் தொப்பியிலும் துண்டிலும் எழுதிக்கொண்டு வந்த, அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் தொழில்முறை மல்யுத்த வீரர் ஜான் சீனா, தம்முடைய கடைசி மேட்சில், எதிராளி குந்தரின் கழுத்துப் பிடியிலிருந்து மீண்டும் மீண்டும் விடுபட முயன்று, முடிவில் முகத்தில் ஒரு சிரிப்பு படர, கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அரங்கத்தில் இருந்தவர்கள் நம்ப முடியாமல் நின்றார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் கதைகளை வகுக்கும் பொறுப்பில் இருந்த டிரிபிள் எச் வெளியே வந்தபோது அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். எங்கள் கூடத்தில் மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எழுபத்து நான்கு வயதான பெரியப்பா மட்டும் அசையாமல் இருந்து, "போறவன் இப்படித்தான்யா போகணும்" என்றார்.

அன்றிலிருந்து இந்த இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். ஜான் சீனா தோற்றது சரி என்பதில் பெரியப்பாவோடு உடன்படுகிறேன். ஆனால் மச்சானுக்கு வந்த கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்குக் காரணம் அந்த ஒரு மேட்ச் அல்ல, 2025ஆம் ஆண்டு முழுவதும் அவருக்காகச் செய்யப்பட்ட புக்கிங்தான் என்பது என் கருத்து.

புக்கிங் என்பது யார் வெல்ல வேண்டும், எப்படி வெல்ல வேண்டும், அதற்கு எத்தனை வாரம் கதை சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் வேலை. முடிவு முன்பே எழுதப்பட்டது என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் தோட்டத்துக் கோவில் திடலில் விடிய விடிய நடந்த கூத்துகளைத்தான் பதிலாகச் சொல்வேன். அரிச்சந்திரன் மயானத்துக்குப் போவான் என்று லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், தெரிந்துதான் அழுதார்கள். அந்த இடத்துக்கு அவனை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய அப்பா, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கிங் காங்கும் தாரா சிங்கும் மோதிய காலத்தின் கதைகளைச் சொல்லி அவரை வளர்த்தார். அதனால் குஸ்தி என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. களத்தை விட்டுப் போகிற மூத்தவர், தம் பெயரில் சேர்ந்திருக்கும் மதிப்பை ஓர் இளையவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்திலும் இதுதான் எழுதப்படாத மரபு. 2008இல் ரிக் ஃபிளேர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றார். 2010இல் அதே ஷான் மைக்கேல்ஸ் அண்டர்டேக்கரிடம் தோற்றார். இரண்டும் ஆண்டுதோறும் நடக்கும் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் நடந்தவை, இரண்டையும் இன்றும் மக்கள் பேசுகிறார்கள். 2019 ரெஸில்மேனியாவில் கர்ட் ஆங்கிள் பாரன் கார்பினிடம் தோற்றுவிட்டுப் போனதையும் பேசுகிறார்கள், ஆனால் வருத்தத்தோடு பேசுகிறார்கள். 2002 ஜூனில் ஜான் சீனா முதன்முதலாக வந்து சவால் விட்டது கர்ட் ஆங்கிளிடம்தான். அவருடைய கடைசி மேட்சுக்கு ஜான் சீனா வருவார் என்று எதிர்பார்த்திருந்த ரசிகர்கள் அன்று ஏமாந்தார்கள். கார்பினும் அந்த வெற்றியால் பெரிய நிலைக்கு வந்துவிடவில்லை. பெரிய வீரரின் தோல்வி என்பது ஒரு சொத்து. எழுதிக் கொடுக்கும்போது பெயரைத் தவறாகப் போட்டால் பிறகு திருத்த முடியாது.

இந்தக் கண்ணால் பார்த்தால், ஜான் சீனாவின் கடைசி ஆண்டு மிக நன்றாகத் தொடங்கியது. பிப்ரவரி 1ஆம் தேதி இண்டியானாபொலிஸில் நடந்த, பலரும் ஒரே ரிங்கில் மோதும் ராயல் ரம்பிளில் கடைசி இருவராக ஜான் சீனாவும் ஜே ஊசோவும் நின்றார்கள். ஜே ஊசோ அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி வென்றார். அண்ணன் தம்பி இரட்டையர் அணியில் ஒருவராகவே அறியப்பட்டிருந்த ஜே, அந்த ஒரு நொடியில் தனி ஆளாக உயர்ந்தார். ஏப்ரலில் ரெஸில்மேனியா 41இன் முதல் நாள் தொடக்கப் போட்டியில் குந்தரையே தட்ட வைத்து உலக ஹெவிவெயிட் பட்டத்தையும் வென்றார். ஆனால் ஜூன் 9ஆம் தேதியே அந்தப் பட்டம் மறுபடியும் குந்தரிடம் போய்விட்டது. இரண்டு மாதம்கூட முழுதாக நிறையவில்லை. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்து நடந்ததுதான் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சி. மார்ச் 1ஆம் தேதி டொரோண்டோவில் எலிமினேஷன் சேம்பர் போட்டியில் வென்ற ஜான் சீனா, சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டியணைத்தார்; அப்படியே, பழைய மல்யுத்த வீரரும் நடிகருமான ராக் காட்டிய சைகையைப் பார்த்தார்; முகம் மாறியது; கோடியை அடித்து வீழ்த்தினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளின் நாயகனாக இருந்தவர், ராக்குக்குத் தம்மை விற்றுவிட்ட வில்லனாக மாறினார். நம் நேரத்துக்கு அது மார்ச் 2ஆம் தேதி காலை. பசாருக்குப் போக வேண்டியவன் போகவே இல்லை. அந்த அணைப்பின்போது அவர் முகத்தில் கேமரா நின்ற விதத்தையும், கூட்டம் ஓய்ந்து பிறகு அலறிய விதத்தையும் இன்றுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்தத் தொழிலில் அதற்கு இணையான காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வீடு கட்ட மறந்துபோனார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி லாஸ் வேகஸில் ரெஸில்மேனியாவின் இரண்டாம் நாள்; நமக்கோ திங்கட்கிழமை காலை ஏழு மணி. செம்பனை ஆலையில் லாரிகளை எடை போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் நான். யாரும் முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்று கைத்தொலைபேசியை அணைத்து மேசைக்குள் வைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். கோடியோடு நடந்த மேட்ச் மெதுவாக நகர்ந்தது. வில்லன் மெதுவாக ஆடுவது தவறில்லை. தவறு முடிவில் இருந்தது. கதையைத் தொடக்கி வைத்த ராக் வரவே இல்லை. அவருக்குப் பதிலாகப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் நடந்து வந்தார். அந்தக் குழப்பத்தில் ஜான் சீனா இடுப்புக்குக் கீழே அடித்து, பெல்ட்டால் தாக்கி, 17ஆவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார்.

17 என்ற அந்த எண்ணின் கனத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ரிக் ஃபிளேருக்கு டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கும் கணக்கு 16. ஜான் சீனா 2017 ஜனவரியில் ஏஜே ஸ்டைல்ஸை வென்று அந்தக் கணக்கைத் தொட்டார். தொட்ட இடத்திலிருந்து ஓர் அடி முன்னே வைக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அப்படிப்பட்ட சாதனை, சண்டையோடு தொடர்பில்லாத ஒரு பாடகரின் வருகையால் நிறைவேறியது. டொரோண்டோவில் அவரும் உடன் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் கோடியிடம் ஆன்மாவைத் தரும்படி கேட்டவர் ராக், விலை பேசியவர் ராக். கடன் கொடுத்தவர் வராத பஞ்சாயத்தில் வழக்கு எப்படித் தீரும்? ராக் ஏன் வரவில்லை என்பதற்கு வெளியே ஆயிரம் காரணம் இருக்கலாம். அவர் வர மாட்டார் என்று தெரிந்திருந்தால் கதையையாவது அதற்கேற்ப மாற்றியிருக்க வேண்டும்.

அதன் பிறகு வந்த மாதங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பட்டத்தோடு ஓய்வு பெற்று பெல்ட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டியவர், மே மாதம் ராண்டி ஆர்டனை அவருடைய சொந்த ஊரான செயின்ட் லூயிஸிலும், ஜூன் 28ஆம் தேதி ரியாத்தில் சிஎம் பங்க்கையும் வென்றார். இரண்டிலும் யாராவது ஒருவர் நடுவில் புகுந்தார்கள். இரண்டும் பழைய எதிரிகளோடு நடந்த நல்ல சந்திப்புகள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3ஆம் தேதி நடந்த சம்மர்ஸ்லாமைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் ஏப்ரலில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, வில்லன் வேடத்தைத் திடீரென்று கழற்றிவிட்டு ஜான் சீனா பழைய ஆளாகத் திரும்பினார். ஐந்து மாதம் சுமந்த கதையை ஒரே பேச்சில் இறக்கி வைத்தது அவசரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நியூஜெர்சியில் கோடியும் அவரும் அரை மணி நேரத்துக்கும் மேலாக நடத்திய அந்தத் தெருச்சண்டை, அந்த அவசரத்தையும் மறக்க வைத்தது. வெளியாள் யாரும் வந்து முடிவைக் கெடுக்கவில்லை. மேசைகள் உடைந்தன, இருவரும் ஒருவர் மற்றவருடைய முத்திரை அடிகளைத் தாங்கித் தாங்கி எழுந்தார்கள், கடைசியில் கோடி நேர்மையாக வென்றார். ஜான் சீனா தம் கையால் பெல்ட்டை எடுத்துக் கோடியிடம் கொடுத்து அணைத்துக்கொண்டார். மார்ச் மாதத்து அணைப்பு பொய். ஆகஸ்ட் மாதத்து அணைப்பு மெய். இதை ஏப்ரலிலேயே செய்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இருந்தாலும், கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த இரவு அது.

அந்த அணைப்பின் சூடு ஆறுவதற்குள் பிராக் லெஸ்னரைக் கொண்டு வந்தார்கள். செப்டம்பர் 20ஆம் தேதி இண்டியானாபொலிஸில், பத்து நிமிடம்கூட நீடிக்காத மேட்சில், லெஸ்னர் ஜான் சீனாவைத் தூக்கித் தூக்கிப் போட்டு வென்றார். ஆண்டு முழுவதிலும் என்னால் மன்னிக்க முடியாத புக்கிங் இதுதான். 2014 சம்மர்ஸ்லாமிலேயே லெஸ்னர் ஜான் சீனாவை இதே விதமாக நொறுக்கிவிட்டார். அந்த அடி அன்று புதிது, அதனால் அதிர்ந்தோம். பதினொரு ஆண்டுகள் கழித்து, நாற்பத்தெட்டு வயதில், விரல்விட்டு எண்ணக்கூடிய மேட்சுகளே மிச்சமிருக்கும் ஒருவருடைய தோல்வியை, எல்லாவற்றையும் ஏற்கெனவே வென்று முடித்துவிட்ட ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தால், அதை வைத்து அவர் என்ன செய்வார்? நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர் வழிந்துதான் போகும். அந்தத் தோல்வியை பிரான் பிரேக்கர் போன்ற இளைய வீரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தால், அவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதைச் சொல்லிச் சாப்பிட்டிருப்பார்.

அக்டோபர் 11ஆம் தேதி பெர்த்தில் ஏஜே ஸ்டைல்ஸோடு நடந்த மேட்ச், அந்தக் கசப்பைப் போக்கியது. பெர்த் நேரமும் நம் நேரமும் ஒன்றே. காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தே பழகிய எங்களுக்கு, சனிக்கிழமை இரவு உணவை முடித்துவிட்டு வீட்டார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அபூர்வமாகக் கிடைத்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. சமையலறையில் அம்மாவும் அண்ணியும் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மேட்சுக்குப் பட்டமும் இல்லை, பகையும் இல்லை. 2016இல் தொடங்கிய இருவருடைய போட்டியின் நினைவு மட்டுமே முதலாக இருந்தது. இருவரும் தங்களோடு மோதியவர்களின் அடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். மறைந்துபோன பிரே வயட்டின் பிடியை ஜான் சீனா எடுத்தபோது என் தொண்டை அடைத்தது. அண்டர்டேக்கரின் அடியும் வந்தது. இது வெறும் ஞாபகக் கண்காட்சி என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்மைத் தாமாக ஆக்கியவர்களின் பெயரைச் சொல்லாமல் சொல்லிக் கும்பிட்ட மாதிரி அது இருந்தது. ஜான் சீனா வென்றதிலும் தவறில்லை, ஏனென்றால் ஏஜே ஸ்டைல்ஸும் போகிற வயதில் இருப்பவர். அவருக்குக் கொடுத்து வளர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை.

டாமினிக் மிஸ்டீரியோவோடு நடந்த இரண்டு மேட்சுகளும் ஒரே புக்கிங்கின் இரண்டு பாதிகள். நவம்பர் 10ஆம் தேதி தம் மாநிலத் தலைநகரான பாஸ்டனில், அதுவரை தமக்குக் கிடைக்காமலிருந்த இண்டர்காண்டினெண்டல் பட்டத்தை ஜான் சீனா டாமினிக்கிடமிருந்து வென்றார். பத்தொன்பது நாள் கழித்து சான் டியாகோவில் சர்வைவர் சீரிஸில், பிறர் தலையீட்டோடு, டாமினிக் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏமாற்றி வெல்வதே டாமினிக்கின் குணம். அந்தக் குணத்துக்குப் பொருத்தமாகவே அவர் வென்றார். மூத்தவரின் ஆசையும் நிறைவேறியது, இளையவரின் பெயரும் கூடியது. இதை அமைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இப்போது கடைசி மேட்சுக்கு வருகிறேன். எதிராளியைத் தேர்ந்தெடுக்கப் பதினாறு பேர் கொண்ட ஒரு போட்டித் தொடரை நவம்பரில் தொடங்கினார்கள். டிசம்பர் 5ஆம் தேதி இறுதிச்சுற்றில் குந்தர் எல்ஏ நைட்டை வென்றார். எட்டே நாளில் கடைசி மேட்ச். ஜூலையில் அட்லாண்டாவில் கோல்ட்பெர்க்கின் கடைசி மேட்சிலும் எதிரே நின்றவர் குந்தர்தான். இதே கழுத்துப் பிடிதான். மூத்தவர்களை ஓய்வுக்கு அனுப்பி வைக்கும் ஆள் என்ற இடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இன்று அந்த நிறுவனத்தில் இல்லை. அலங்காரம் இல்லாத ஆட்டம், மார்பில் விழுகிற ஒவ்வோர் அறையும் வீட்டுக் கூடத்தில் கேட்கும், பேச்சில் இரக்கமே கிடையாது. ஆகவே ஆள் சரி.

நாள்தான் போதவில்லை. ஜான் சீனாவைத் தட்ட வைப்பேன், விட்டுக்கொடுக்க வைப்பேன் என்று குந்தர் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சொல் மக்கள் மனத்தில் வேர்விட ஒரு வாரம் எப்படிப் போதும்? "விட்டுக்கொடுக்காதே" என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே எத்தனையோ பேர். என் மச்சான் பத்தாம் வகுப்பில் தந்தையை இழந்தவர். பாசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் பத்து வெள்ளி கொடுத்து வாங்கிய அந்தச் சட்டையைக் கிழிகிறவரை போட்டார். அந்த வாசகத்தைக் கையால் தட்டி முடித்துவைக்க வேண்டுமானால், அதைப் பற்றியே இரண்டு மாதம் பேசியிருக்க வேண்டும். விட்டுவிட வேண்டிய நேரம் எது என்று ஜான் சீனாவே தடுமாறுவதையும், குந்தர் அந்தத் தடுமாற்றத்தைக் குத்திக் கிளறுவதையும் வாரா வாரம் நாம் பார்த்திருக்க வேண்டும். சம்மர்ஸ்லாமுக்குப் பிறகு சில மாதங்கள் குந்தர் திரையில் இல்லை என்பது தெரியும். அப்படியானால் அவர் திரும்பி வந்த நவம்பர் நாளிலேயே இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தியிருக்கலாம். போட்டித் தொடர் அந்த வாரங்களை விழுங்கிவிட்டது.

தட்டாமல் மயங்கி விழுந்திருக்கலாமே என்று மச்சான் கேட்கிறார். கோல்ட்பெர்க் அப்படித்தான் மயங்கினார், அவருடைய மானம் காப்பாற்றப்பட்டது என்பது அவர் வாதம். முதல் நாள் நானும் அதையே சொன்னேன். மறுபடியும் பார்த்தபோது என் எண்ணம் மாறியது. மயங்குகிறவர் முடிவெடுப்பதில்லை; முடிவு அவர் மேல் விழுகிறது. ஜான் சீனாவின் முகத்தில் வந்த சிரிப்பு, அவர் முடிவெடுத்துவிட்டார் என்பதைக் காட்டியது. குந்தருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசும் அதுவே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் ஜான் சீனாவைத் தட்ட வைக்க முடியவில்லை. மயங்கி விழ வைத்தவர் என்ற பெயரைவிட, தட்ட வைத்தவர் என்ற பெயர் நூறு மடங்கு பெரிது.

அன்றைய நிகழ்ச்சியின் மற்ற மேட்சுகளும் இந்த எண்ணத்தோடு ஒட்டியே அமைந்தன. கோடி ரோட்ஸோடு ஓபா ஃபெமி, பெய்லியோடு சோல் ருகா, ஏஜே ஸ்டைல்ஸுக்கும் டிராகன் லீக்கும் எதிரே ஜெவோன் எவன்ஸும் லியோன் ஸ்லேட்டரும் என்று, மூத்தவர்களின் முன்னால் இளையவர்களை நிறுத்தினார்கள். கோடி, ஓபா ஃபெமி மேட்சை டிரூ மெக்கின்டயர் புகுந்து கெடுத்ததுதான் குறை. மற்ற நாளில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்டுப் போவதற்கென்றே வைத்த நாளில், முடிவில்லாமல் ஒரு மேட்சை முடித்திருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு ஜான் சீனா தம் மணிக்கட்டுப் பட்டைகளையும் காலணிகளையும் கழற்றி ரிங்கின் நடுவில் வைத்துவிட்டுப் போனார். திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிறவர் கோவிலிலேயே அதை வைத்துவிட்டு வருவது போல இருந்தது என்று பெரியப்பா சொன்னார். வாசலில் நின்றிருந்த மச்சானும் அதைப் பார்க்க மட்டும் உள்ளே வந்தார்.

 இனி குந்தரை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதில்தான் என் கவனம் எல்லாம். ஜே ஊசோவுக்குச் செய்ததை அவருக்கும் செய்து, ஏதோ ஒரு திங்கட்கிழமை நிகழ்ச்சியில் அவரைத் தோற்க வைத்தால், வாஷிங்டனில் ஜான் சீனா கொடுத்துவிட்டுப் போனது வீணாகும். வாரா வாரம் ஆடாமல், பெரிய நிகழ்ச்சிகளில் மட்டும் ஆடி, ஜான் சீனாவைத் தட்ட வைத்தவன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி அவர் ஓராண்டாவது திரிய வேண்டும். அதற்குப் பிறகு, ஒரு ரெஸில்மேனியாவில், வெளியாள் யாரும் நுழையாத ஒரு மேட்சில், ஓபா ஃபெமி அவரை நடு ரிங்கில் தட்ட வைக்க வேண்டும்.